சாயங்கால ஜாமீன்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் "ஆய்வு" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வேன். தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்கு அது போதும். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் என் வேலை மதிப்பீடு. அரசோ தொண்டு நிறுவனமோ செலவு செய்து ஒரு திட்டத்தை நடத்தும். அது சொன்னதைச் செய்ததா, செய்ததால் யாருக்காவது நன்மை உண்டானதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கழிப்பறைகளைப் பார்த்து எழுதியிருக்கிறேன், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் திட்டம் ஒன்றை மதிப்பிடும் வேலை என்னிடம் வந்தது. அதில் நான் சந்தித்த ஒருவரையும் அவருடைய அக்காவையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

டெல்டாவில் ஒரு கிளைச்சிறை. எந்த ஊர் என்பது வேண்டாம். விசாரணைக் கைதிகள்தான் அங்கே அதிகம். இன்றைக்கு இருப்பார்கள், ஜாமீன் கிடைத்தால் நாளைக்கு இருக்க மாட்டார்கள். வாசலில் என் கைப்பேசியையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் மட்டும் உள்ளே விட்டார்கள். கைதிகளுடன் குழுவாகப் பேச ஒரு கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். வாசற்படியில் ஒரு வார்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து போக மாட்டீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். "உங்க பாதுகாப்புக்குத்தாங்க மேடம்" என்றார்.

கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே மாதிரி பதில் வந்தது. எச்.ஐ.வி. எப்படிப் பரவும்? ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போட்டால் பரவும். என்ன செய்ய வேண்டும்? ஊசியைப் பகிரக் கூடாது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகள் போல ஒருவர் தொடங்க, மற்றவர்கள் முடித்தார்கள். திட்டத்தின் பார்வையில் இது வெற்றிதான். சொல்லிக் கொடுத்ததை எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

பின்வரிசையில் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் மட்டும் கை தூக்கினார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். வெயிலில் கறுத்த கழுத்து, நல்ல அகலமான தோள்.

"இங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் சரிங்க. ஆனா இங்கதான் ஊசியே கிடையாதே. வெளிய போற அன்னைக்கு என்னங்க பண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். வார்டரும் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தார். அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று மதியம் தனித்தனியாகப் பேச, சமையற்கட்டுக்குப் பக்கத்து வராந்தாவைக் கேட்டு வாங்கினேன். வார்டருக்கு நாங்கள் தெரிவோம், பேசுவது கேட்காது. விருப்பமிருந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தேன். முதலில் வந்தவர் அவர்தான்.

நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம் இல்லை. அப்பா காலத்தில் இருந்த குத்தகையும் கைவிட்டுப் போயிருந்தது. நடவு, அறுவடை எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்ட ஊரில் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவனுக்கு நல்ல மதிப்பு. சீசனில் ஒரு வயலை முடித்ததும் அடுத்த வயல், ஒரு மாவட்டம் முடிந்ததும் அடுத்த மாவட்டம். இயந்திரத்தின் குலுக்கலில் இடுப்பு விட்டுப்போகும். வெளியூரில் ஒருமுறை கூட வேலை செய்தவன் வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டான். வலி போனது, ஊசி போகவில்லை. பிறகு வலி இல்லாத நாளிலும் ஊசி தேவைப்பட்டது. அதற்காக வயல் மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி விற்றபோது மாட்டிக்கொண்டார். சிறைக்கு வந்த பிறகு எடுத்த பரிசோதனையில்தான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மாத்திரையும் உடனே தொடங்கிவிட்டார்கள். தினமும் மதியம் செவிலியர் ஒரு மாத்திரையைக் கையில் கொடுப்பார், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"வீட்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"வீடுன்னா அக்கா மட்டும்தாங்க. மனு போட்டுப் பாக்க வரும். காசநோய்க்கு மாத்திரை சாப்புடுறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." வார்டர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "அதுக்குத் தெரியக் கூடாதுங்க. ஊரே தெரிஞ்சு துப்பினாலும் பரவால்ல. அதுக்குத் தெரியக் கூடாது."

சில வாரங்கள் கழித்து மறுபடியும் அந்தச் சிறைக்குப் போனபோது அவர் இல்லை. ஜாமீன் கிடைத்துவிட்டது என்றார் செவிலியர். நீதிமன்ற உத்தரவு சாயங்காலம் வந்திருக்கிறது. கதவடைக்கும் நேரத்துக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். மாத்திரை டப்பா அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த இவர் மதியமே வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்.

"சந்தோஷமா ஓடிட்டாராம் மேடம். மாத்திரை வேணும்னு யார் நெனைப்பா அந்த நேரத்துல?" என்று அலமாரியைத் திறந்து காட்டினார். பாதி காலியான வெள்ளை மாத்திரை டப்பா உள்ளே இருந்தது. செவிலியரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருடைய முகத்தில் என்னைவிட அதிகக் கவலை தெரிந்தது.

விடுதலையானவர்களைத் தேடிப்பிடித்து மருத்துவமனையில் சேர்ப்பதற்குத் திட்டத்தில் ஒரு களப்பணியாளர் உண்டு. தஞ்சாவூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் அவர்களுடைய மையம் இருந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அங்கே வந்து குளிக்கலாம், கொஞ்சம் தூங்கலாம், பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டு போகலாம். ஊசியை விட்டுவிட நினைப்பவர்களுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் தருவார்கள். களப்பணியாளரே ஒரு காலத்தில் ஊசி போட்டவர்தான். இப்போது கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டையும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் அவசரமுமாக இருப்பார்.

நான் போய்க் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவரைத்தாங்க நானும் தேடிட்டிருக்கேன். குடுத்த நம்பர் அக்காவோடது. பேசலாம், ஆனா எதுக்குன்னு சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு தடவை அந்தம்மா எடுத்தாங்க, ராங் நம்பர்னு வெச்சுட்டேன். என்ன சொல்லி அவரைக் கூப்பிடச் சொல்றது?"

பேசினால் அவர் மறைக்க நினைத்தது வெளியே வந்துவிடும். பேசாவிட்டால் மாத்திரை நின்றுபோகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் பிறகு அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். இதில் நான் தலையிட வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் என்பவர் நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும், அதில் கையை விடக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் அன்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. அறுவடை சீசன் தொடங்கப்போகிறது, இயந்திர வேலைக்கு ஆள் கேட்பதுபோலப் பேசிப் பார்க்கலாமே என்றேன். அவர் யோசித்துவிட்டு எண்ணைப் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தக் குரல் நன்றாகக் கேட்டது.

"அம்மா வணக்கம். தம்பி இருக்காருங்களா? மிஷின் வேலை விஷயமா பேசணும்."

"எந்த மிஷினு? யாரு ஓனரு?"

களப்பணியாளருக்கு உடனே ஒரு பெயர் வரவில்லை. என்னைப் பார்த்தார். அந்த இடைவெளியில் மறுமுனையில் குரல் தணிந்தது.

"ஏங்க, நீங்க மாத்திரை குடுக்குற இடத்துலேருந்தா பேசுறீங்க?"

 அந்த அம்மாவே தொடர்ந்து பேசினார். "வெச்சுடாதீங்க. ரெண்டு தடவை வெச்சுட்டீங்க. எங்க வந்து மாத்திரை வாங்கணும்னு தெரியாம நான் தவிச்சிட்டு இருக்கேன். அவன்கிட்ட கேக்க முடியாது. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது."

எப்படித் தெரியும் என்பதைப் பிறகுதான் சொன்னார். அவருடைய கணவருக்குக் காசநோய் வந்தபோது வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்து ஆளைத் தேற்றியவர் அவர். சிறையில் பார்க்கப் போனபோது தம்பி, "ஒரே மாத்திரைதான்க்கா, ஆயுசு முழுக்கச் சாப்பிடணுமாம்" என்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். "டி.பி.க்கு ஆறு மாசந்தானே, ஆயுசு முழுக்கன்னா ஊசியால வந்தது என்னன்னு தெரியாதா? சொல்லிட்டு அவன் முழிச்சான். நான் ஒண்ணும் கேக்கல. பஸ்ல வரப்போ பூரா அழுதுட்டே வந்தேன்."

ஊருக்குள் வர வேண்டாம் என்றார். தெரியாதவர் யார் வந்தாலும் எதற்கு வந்தார்கள் என்று தெரு முழுக்க விசாரிப்பார்களாம். தாராசுரம் கோயிலுக்கு வெளியே புல்தரை இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவரே இடம் சொன்னார். தம்பிக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு வரக் கூடாது, அவருக்கு இஷ்டம் இருந்தால் மட்டும்தான் சந்திப்போம் என்று களப்பணியாளர் அழுத்திச் சொன்னார். "நான் சொல்லியே கூட்டிட்டு வரேங்க. இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போவுது" என்றார்.

நாங்கள் போனபோது அக்காவும் தம்பியும் முன்பே வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஆசிரியர் ஒருவர் கல் யானையின் மேல் ஏறாதே என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா புல்லில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் கூட்டி அள்ளிக் கொடுக்கும் வேலை. விரல் நகங்களின் ஓரத்தில் தவிட்டுத் தூசி படிந்திருந்தது. தம்பி கொஞ்சம் தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதுதான் அக்கா சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கிப் போய்விடவும் இல்லை.

சிறையில் பார்த்ததைவிட இளைத்திருந்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே பேசத் தொடங்கினார்.

"மறுபடியும் போட்டேங்க. ஒரே ஒரு தடவை. கும்பகோணத்துல. பழைய ஆளுங்க ரெண்டு பேரு இருந்தாங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

"ஊசி?" என்று கேட்டார் களப்பணியாளர்.

"ஒண்ணுதான் இருந்துச்சு. மருந்துக் கடையில கேட்டேன், ஆளைப் பாத்துட்டு இல்லன்னுட்டாரு. உங்க சென்டரு தஞ்சாவூர்ல இருக்கு, நான் அங்க வரதுக்குள்ள..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல, சொல்லிக் குடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கான்னு? எல்லாம் ஞாபகம் இருந்துச்சுங்க. ஊசிதான் இல்ல."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் இன்னும் தணிந்த குரலில் சொன்னார்.

"ஆனா நான் கடைசியாதான் போட்டுக்கிட்டேன். அவங்க என்னை முதல்ல போட்டுக்கச் சொன்னாங்க, ஜெயில்லேருந்து வந்தவன்னு. நான் மாட்டேன்னுட்டேன். அவங்க போட்டு முடிச்சப்புறம் போட்டுட்டு, ஊசியை ஒடைச்சு சாக்கடையில போட்டேன். எனக்கு இருக்குறது அவங்களுக்குப் போயிடக் கூடாதுல்ல. ஏன் ஒடைக்கிறேன்னு கேட்டாங்க. கை தவறிடுச்சுன்னேன்."

மதிப்பீட்டு அறிக்கையில் கேள்விகளுக்கு இரண்டு விடைகள்தான். கடந்த மாதத்தில் ஊசியைப் பகிர்ந்தீர்களா? ஆம், இல்லை. அவருடைய விடை 'ஆம்'. அந்த விடை திட்டம் தோற்ற பக்கத்தில் போய்ச் சேரும். ஆனால் உடம்பு மருந்துக்குத் துடித்துக்கொண்டிருக்கும்போது, கையை நீட்டாமல் காத்திருந்து, வந்த சந்தேகத்தையும் ஒரு பொய்யால் மூடிவிட்டு, மற்ற இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சிறைக் கூடத்தில் பாடம் ஒப்பித்தவர்களில் எத்தனை பேர் இப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அவர் செய்தது ஆபத்தானது என்பதும் உண்மை. மற்றவர்களிடமிருந்து மஞ்சள்காமாலைக் கிருமி அவருக்கு வந்திருக்கலாம். களப்பணியாளர் அதை ஒளிக்காமல் சொல்லி, அதற்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார்.

அக்கா பிறகு என் பக்கம் திரும்பி, மனதில் அடுக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். "என் பொண்ணு இவன் மடியிலதாங்க கெடக்கும். ஒண்ணும் ஆவாதுல்ல?" ஆகாது. "எச்சித் தட்டு?" ஒன்றும் இல்லை. "நகவெட்டி, பிளேடு?" அவருக்கென்று தனியாக இருக்கட்டும். "காய்ச்சல் வந்தா நான் தொட்டுப் பாக்கலாமா?" இந்தக் கேள்விக்குத் தம்பி திரும்பி அவரைப் பார்த்தார்.

"அக்கா, வுடுக்கா," என்றார். அன்றைக்கு அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீ சும்மா இருடா. நீ சொல்லியிருந்தா நான் ஏன் ஊராரைக் கேக்கப்போறேன்?" என்று அவருடைய முதுகில் ஓர் அடி வைத்தார். பலமான அடிதான். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அழ ஆரம்பித்தார். கை மட்டும் தம்பியின் முதுகிலேயே இருந்தது.

அன்றே நான்கு பேரும் தஞ்சாவூர் பஸ் ஏறினோம். மருத்துவமனையில் மாத்திரையை மறுபடியும் தொடங்கினார்கள். இடையில் விட்டதற்காக யாரும் திட்டவில்லை. இனி தவறாமல் இருக்க என்ன வழி என்று ஆலோசகர் பொறுமையாகப் பேசினார். காமாலைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஊசியை விடுவதற்கான மாத்திரைக்கு ஆரம்பத்தில் தினமும் மையத்துக்கு வர வேண்டும். அதனால் அந்த சீசன் இயந்திரத்துக்குப் போக முடியவில்லை. அது அவருக்குப் பெரிய வருத்தம். "நல்ல வெளைச்சல் வருஷம் பாத்து வீட்ல உக்கார வெச்சுட்டீங்க" என்று களப்பணியாளரிடம் சண்டை பிடிப்பார். பொங்கல் சமயத்தில் சில நாள் காணாமல் போனார். அக்கா தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். எங்கே போனார், என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மையத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அறிக்கையை வாசிக்கும் கூட்டம் தஞ்சாவூரில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. விடுதலையாகிறவர்கள் மாத்திரை இல்லாமல் வெளியே போகிறார்கள் என்று நான் சொன்னதும், ஓர் அதிகாரி, "ஒருத்தர் கதையை வெச்சு எல்லாருக்கும் பொதுவா சொல்லலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடுதலையாகி வந்த வேறு பலரையும் அதற்குள் சந்தித்திருந்தேன். பெரும்பாலோர் சாயங்காலம் வெளியே வந்தவர்கள். மாத்திரையோடு வந்தவர் என்று ஒருவரையும் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். சிறைக்குள் எந்த மருந்தையும் கைதியிடம் மொத்தமாகக் கொடுத்து வைக்க முடியாது, விதி இடம் கொடுக்காது என்றார்கள். பேச்சு அங்கேயே சுற்றியது.

வழி சொன்னவர் அந்தக் கிளைச்சிறையின் கண்காணிப்பாளர்தான். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"கைதி உள்ள வரும்போது செருப்பு, பர்ஸ், பெல்ட்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வாசல்லயே வெச்சிருப்போம். வெளிய போறப்ப கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்போம். ஒரு மாச மாத்திரையையும் அதே பையில போட்டுட்டா, எந்த நேரத்துக்கு ஜாமீன் வந்தாலும் அவனோட போயிடும். இதுக்கு விதியை மாத்த வேண்டியதில்லீங்க."

எனக்கு இது தோன்றவில்லை, அங்கே இருந்த வேறு யாருக்கும் தோன்றவில்லை. சில வாரங்களில் அவருடைய சிறையில் நடைமுறைக்கு வந்தது. பிறகு பக்கத்துச் சிறைகளிலும் செய்தார்கள். கும்பகோணத்தில் புதிதாக ஒரு மையம் வேண்டும் என்ற பரிந்துரை மட்டும் நிதி இல்லை என்று நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் களப்பணியாளர் வாரத்தில் சில நாள் ஸ்கூட்டர் பெட்டியில் ஊசிகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்வருகிறார். போதாது. ஒன்றுமே இல்லாமலிருந்ததற்கு இது பரவாயில்லை.

அவர் கடைசி ஆளாக ஊசி போட்டுக்கொண்டதை அறிக்கையில் எங்கே எழுதுவது என்று நிறைய யோசித்தேன். எந்தத் தலைப்பிலும் அது அடங்கவில்லை. சிறை வகுப்புகளால் ஏற்பட்ட மாற்றம் என்று எழுதினால் அது முழுக்கப் பாடத்தின் பெருமையாகிவிடும். அது அந்த மனிதருடைய சுபாவமாகவும் இருக்கலாம் அல்லவா? முடிவில் அவரிடமே அனுமதி கேட்டு, ஊரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி ஒரு பத்தியாகப் போட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

போன சம்பா அறுவடையின்போது வேறு வேலையாகக் கும்பகோணம் போனேன். அக்கா வேலை பார்க்கும் கொள்முதல் நிலையம் வழியில்தான். திறந்த வெளியில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. மழை வந்துவிடுமோ என்று விவசாயிகள் தார்ப்பாயோடு காத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். டீ வாங்கித் தராமல் விட மாட்டேன் என்றார்.

"மாத்திரை சாப்புடுறான். ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சின்னு டாக்டரு சொன்னாரு. ஊசியை வுடுற மாத்திரையையும் இப்ப வீட்டுக்கே சேர்த்துக் குடுக்குறாங்க, தெனம் அலைய வேண்டாம்," என்றவர், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஆனா சாயங்காலம் வர லேட்டாச்சுன்னா இன்னமும் நான் தெருமுனைக்குப் போய் நின்னுடுறேங்க. இந்தப் பயம் எப்ப போவும்?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். வேறு பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

தம்பி அங்கேயே நெல் தூற்றும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தலையில் துண்டைக் கட்டி, மூக்கை மூடிக்கொண்டு நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டீ கிளாஸோடு நாங்கள் நின்ற பக்கம் காற்று திரும்பியதும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"அக்கா, மேடத்தைக் கூட்டிட்டு அந்தாண்ட போ! தூசி அடிக்குதுல்ல!"

நாங்கள் தள்ளிப் போய் நின்றோம். அடுத்த வண்டி நெல் வந்து இறங்கியது.